'கரண்டு வைக்கணும்'னு சொன்னா கலங்காதீங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம்)



கதிர்வீச்சு சிகிச்சையை நம்ம ஊர்ப்பக்கம் 'கரண்டு வைக்கிறது'ன்னு சொல்றோம். அதைக் கேட்டதுமே 'அப்போ புற்றுநோய்தான்'னு முடிவு கட்டிடறோம். எல்லா நேரமும் அப்படி இல்லை. புற்றுநோய் அல்லாத சில கட்டிகளுக்கும் கதிர்வீச்சு கொடுப்பாங்க. தலை, கழுத்துப் பகுதியில் அரிதாக வருகிற 'குளோமஸ்' கட்டி அதில் ஒன்று. காதுப் பக்கம் வருகிற இந்தக் கட்டி, நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருது.

அறிகுறி என்ன? ஒரு காதில் மட்டும் 'டப், டப்'னு சத்தம் கேட்கும். கையில் நாடி பிடிச்சுப் பார்த்தால், நாடி துடிக்கிற அதே கணக்கில் கேட்கும். அந்தக் காது மெல்ல மந்தமாகும். சிலருக்குக் குரல் கம்மும், விழுங்கச் சிரமமாக இருக்கும். காதில் எண்ணெய் ஊத்திக்கிட்டு நாள் கடத்தாதீங்க. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்க. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க.

'ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமே?'ன்னு கேட்பீங்க. சின்னக் கட்டின்னா எடுப்பாங்க. ஆனால் இது ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கிற கட்டி. மண்டை ஓட்டின் அடியில் இருந்தால், முகம், குரல், விழுங்குதல் இதுக்கான நரம்பெல்லாம் பக்கத்திலேயே ஓடுது. வெட்டப் போய் அது பழுதாகலாம். அதனால்தான் கதிர்வீச்சு. மெதுவாக வளர்கிற கட்டி என்பதால், சிலருக்கு அப்பப்போ ஸ்கேன் எடுத்துக் கண்காணிச்சாலே போதும்.

தலை அசையாம இருக்க முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் போடுவாங்க. சில நிமிஷம் படுத்திருக்கணும். ஷாக் அடிக்காது, வலிக்காது. வழக்கமாக வாரத்துக்கு 5 நாள், சுமார் 5 வாரம். உடம்பில் கதிர் தங்காது. பிள்ளையைத் தூக்கலாம், கூட உட்கார்ந்து சாப்பிடலாம். சோர்வு வரும், தோல் சிவக்கும், வாய் உலரும். பல வருஷம் கழிச்சு அந்த இடத்தில் புற்றுநோய் வர மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. அதனால் இளம் வயசுக்காரங்களுக்கு மருத்துவர்கள் யோசிச்சுத்தான் கொடுப்பாங்க. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லணும்.

ஒண்ணு மட்டும் மனசில் வைங்க. சிகிச்சை முடிஞ்சாலும் ஸ்கேனில் கட்டி தெரியும். 'இத்தனை நாள் அலைஞ்சும் கரையலையே'ன்னு மனசு விடக் கூடாது. வளராமல் நிறுத்துறதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கம். 10 பேரில் சுமார் 9 பேருக்கு வளர்ச்சி நின்னுடுது. ஆனாலும் மருத்துவர் சொல்கிற தேதிக்குப் போய்க் காட்டணும். சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வரும். கூடப் பிறந்தவங்க, பிள்ளைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்க.

5 வாரம் கூலி போகும், பஸ் செலவு ஆகும், வீட்டில் சோறாக்க ஆள் இருக்காது. பாதியில் நிறுத்திடலாம்னு தோணுறது இங்கேதான். கந்து வட்டிக்குப் போகாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போய், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமான்னு ஆஸ்பத்திரியில் விசாரிங்க. குழுவில் உள்கடன் கேளுங்க. தவணைக்கு அவகாசம் கொடுக்கத் தீர்மானம் போடுங்க. துணைக்குப் போக ஆளுக்கு ஒரு நாள்னு முறை வைங்க. உறுப்பினர் ஒருத்தர் படுக்கும்போது தோள் கொடுக்கத்தானே குழு?

சந்தேகம் இருந்தால் இப்பவே கேளுங்க.