உழைப்பைப் பதிவு செய்யும் படக்கருவி



1895-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி, பாரிஸ் நகரில் அறிஞர்கள் கூடிய ஓர் அவையில் லூமியேர் சகோதரர் ஒரு படத்தைத் திரையிட்டனர். அதில் அரசரும் இல்லை, போரும் இல்லை. லியோன் நகரில் அவர்களுக்குச் சொந்தமான தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடித்த பெண்களும் ஆண்களும் வெளியேறுகிறார்கள். ஒரு நிமிடம்கூட நீளாத காட்சி. ஸினிமா கண் விழித்தபோதே உழைப்பாளியைக் கண்டுவிட்டது எனலாம். ஆயினும் படக்கருவி வாயிலிலேயே நின்றுவிட்டது. உள்ளே அவர்கள் எவ்வாறு உழைத்தார்கள் என்பதை அப்படம் காட்டவில்லை.

அந்த வாயிலைக் கடந்தவர்களில் ஒருவர் ஜான் கிரியர்ஸன். 1929-இல் வெளிவந்த 'டிரிஃப்டர்ஸ்' என்ற ஊமைப் படத்தில், வடகடலில் மீன் பிடிப்போரின் தொழிலை, வலை வீசுவது தொடங்கி மீன் சந்தை சேர்வது வரை அவர் காட்டினார். 1935-இல் 'ஹவுஸிங் பிராப்ளம்ஸ்' என்ற படத்தில், லண்டன் சேரிகளில் குடியிருந்தோர் தம் இல்லங்களில் நின்று தம் வாயாலேயே தம் நிலையை எடுத்துரைத்தனர். ஏழை எளியோர் திரையில் தாமே பேசியது அந்நாளில் பெரும் புதுமை.

நம் நாட்டில் 1948-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்படும் வரை அது ஆயிரக்கணக்கான விவரணப் படங்களை அளித்தது. கொட்டகையில் கதைப்படத்துக்கு முன்பு அவற்றைக் கண்டது நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும். நெசவாளி நெய்தார், குயவர் வனைந்தார். ஆனால் நம் காதில் விழுந்தது பெரும்பாலும் விளக்கவுரையாளரின் குரலே.

இதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் 1,000 அடி ஏறத்தாழ 11 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். சுருளும் விலை மிக்கது. ஒலிப்பதிவுக் கருவிகளும் கனமானவை. எளிதில் சுமந்து செல்லக்கூடிய காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் இணைந்து இயங்கத் தொடங்கியது 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இதிலுள்ள இழப்பு நன்கு புரிகிறது. தறியில் பாவு, ஊடை, நாடா, பண்ணை, விழுது என்று ஒவ்வொன்றுக்கும் நெசவாளியிடம் ஒரு பெயர் உண்டு. சில விநாடிக் காட்சிக்குள் அடங்க வேண்டிய விளக்கவுரையில் இவையெல்லாம் 'கருவிகள்' என்ற ஒரே சொல்லாகக் குறுகிவிடக்கூடும். கை திரையில் நிலைத்துவிடும். அக்கைக்குரிய சொல் மறைந்துவிடும். தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இது சிறிய இழப்பன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். தொழிலின் தமிழை அவர்கள் எங்கே கேட்பார்கள்?

பம்பாய்த் தாராவியை எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் பலர் அங்கே தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். அத்தொழில் இன்று பெரும்பாலும் அவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டது. தோலை ஊறவைத்ததையும் மயிர் நீக்கியதையும் செய்து அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். அவர்களுடைய கை வேலையை இனிக் காண முடியாமற் போகலாம். அவர்களுடைய சொற்களையேனும் இப்போதே கேட்டு வைக்கலாம். அதே தாராவியில் விடியுமுன் மாவு ஊற்றி இட்லி அவித்து, நகரெங்கும் கொண்டு சென்று விற்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களது வேலை நாளையும் இவ்வாறே நடக்கும் என்று யார் உறுதி கூற முடியும்?

இன்று கைத்தொலைபேசியே படக்கருவி. ஆகவே பொருட்செலவைக் காரணம் காட்டுவதற்கில்லை. சில முறைகளை மட்டும் கைக்கொண்டால் போதும். முதலில், உழைப்பவரின் இசைவைப் பெற வேண்டும். மறுத்தால் கருவியை மூடிவிட வேண்டும். நமக்காக நடிக்கச் சொல்லாமல், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுமையாகப் படமெடுக்க வேண்டும். முகத்தோடு கையையும் காட்ட வேண்டும். "இதற்கு என்ன பெயர்? ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, நாம் வாய் மூடி அவரைப் பேச விட வேண்டும். இடத்தையும் தேதியையும் குறித்து, ஒரு பிரதியை அவருக்கே அளிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று நம் சங்கத்தில் நாடகத்தையும் கச்சேரியையும் படமெடுக்கும் இளைஞர்கள், சமையற்கட்டில் பந்திக்கு உலை வைப்பவரிடமும் சற்று நேரம் செல்லட்டும். அவரிடம் கேட்க வேண்டியவை நிறைய உண்டு.