பிள்ளைக்காகப் பேசும் பெற்றாருக்குத் துணை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளைகளையே புகழ்வர். நான் இன்று கடைசி வாங்கில் இருத்தப்படும் பிள்ளையைப் பற்றியும், வகுப்புக்கே வராத பிள்ளையைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்க இடர்ப்படும் பிள்ளை, ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாத பிள்ளை எனப் பலர் நம்மிடையே உளர். இவர்களின் மூளை வளர்ந்த வழி வேறு. ஆகவே கற்கும் வழியும் வேறு. அயலார் அதைப் பிடிவாதம் என்பர், வளர்ப்புப் பிழை என்பர். முன்வினை என்று சொல்லிக் கதவைச் சாத்துவாரும் உண்டு. பெரியோர் மன்னிப்பாராக, வினையை விசாரிப்பது பள்ளிக்கூடத்தின் வேலையன்று, படிப்பிப்பதே அதன் வேலை.

இத்தகைய பிள்ளைகளுக்காகப் பெற்றார் வாதாடி வென்ற வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்துச் சட்டம், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையை ஏற்காது விடப் பள்ளிக்கூடத்துக்கு இடங்கொடுத்திருந்தது. 1971-ம் ஆண்டிலே பெற்றார் சங்கமொன்று 13 பிள்ளைகளின் பொருட்டு அம்மாநிலத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. வாதாடிய வழக்கறிஞர் தோமஸ் கில்ஹூல் என்பவருக்கும் மனவளர்ச்சி குன்றிய சகோதரர் ஒருவர் இருந்தார். வழக்கு இணக்கத் தீர்ப்பாய் முடிந்தது. எப்பிள்ளைக்கும் கல்வி மறுக்கலாகாது. பிள்ளையை இடமாற்றுமுன் பெற்றாருக்கு அறிவித்து, அவர் சொல்வதையும் கேட்கவேண்டும் என்றாயிற்று. 1975-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கையொப்பமிட்ட சட்டம் இவ்வுரிமையை நாடு முழுவதற்கும் ஆக்கிற்று. அந்நாளில் 10 இலட்சம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முற்றாகப் புறம்பாயிருந்தனர் என்று அச்சட்டமே கூறிற்று. 1990-ல் ஓட்டிசமும் அதிற் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது.

அச்சட்டத்தின் உயிர்நிலை ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆசிரியரும் பள்ளிக்கூட உத்தியோகத்தரும் பெற்றாரும் கூடியிருந்து அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு திட்டம் எழுதவேண்டும். இன்று பிள்ளைக்கு எது இயலும், வருட முடிவில் எது இயலவேண்டும், அதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்பன அதில் இருக்கும். பெற்றார் அங்கே விருந்தாளியல்லர், அங்கத்தவர். கேட்ட உதவியை மறுப்பதாயின் பள்ளிக்கூடம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றாருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிக்கூடமே ஒழுங்குசெய்ய வேண்டும்; அங்கே குடியேறிய நம் உறவினர் பலர் இதனை அறியார்.

கொலராடோ மாநிலத்தில் ஓட்டிசமுள்ள ஒரு சிறுவனுக்கு ஆண்டுதோறும் எழுதிய திட்டங்களில் இலக்குகள் பெரும்பாலும் பழையனவாகவே இருந்தன. பிள்ளை முன்னேறவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? பெற்றார் வழக்காடினர். சொற்ப நன்மையே போதும் என்ற வாதத்தை 2017-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி உயர்நீதிமன்றம் ஏகமனதாய்த் தள்ளி, பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் தரும் திட்டமே வேண்டும் என்றது. சென்ற வருடத்துத் தாளையும் இவ்வருடத்துத் தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எவரும் செய்யக்கூடிய காரியம்.

இங்கேதான் துணை நிற்போரின் வேலை தொடங்குகிறது. தாயானவள் “பிள்ளைக்கு ஒன்றும் ஏறுதில்லை” என்று மாத்திரம் சொன்னால், பள்ளிக்கூடத்தார் தலையசைத்து விட்டுவிடுவர். “மூன்று வேலையை ஒருமிக்கச் சொன்னால் முதலாவதோடு நின்றுவிடுகிறான், ஒவ்வொன்றாய்ச் சொன்னால் மூன்றையும் செய்கிறான்” என்றால், ஆசிரியர் நாளைக்கே பயன்படுத்தக்கூடிய செய்தி அது. இதனை அவள் பல வருடமாய் அறிவாள், கேட்பார்தான் இல்லை. கேட்டு, தேதியிட்டுக் கொப்பியில் எழுதிக் கொடுக்கவேண்டும். வேண்டுகோளை வாயாற் சொல்லாமற் கடிதமாய்க் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்திருக்கவேண்டும். கூட்டத்துக்குக் கூடப் போகவேண்டும். பிள்ளையை அறிந்த ஒருவரைப் பெற்றார் அழைத்துவர அமெரிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. பல்கலைக்கழகத்து மாணாக்கராகிய எங்களுக்கோ, உத்தியோகத்தரைக் கண்டவுடன் ஆங்கிலத்திற் பேசத் தொடங்கும் வியாதி ஒன்று உண்டு. அவ்வேளை தாய் மெளனமாகிவிடுவாள். அவள் பேசட்டும், மறந்ததை நினைவூட்டுவதே துணைக்குப் போனவரின் தொழில்.

நிற்க. எமது நாட்டில் 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம், உடற்குறை உளக்குறை காரணமாகக் கல்வி நிலையத்தில் அனுமதிக்கும்போது பாரபட்சம் காட்டலாகாதென்று 23-ம் பிரிவிற் கூறியது. ஆனால் நான் சொன்ன அந்த மேசையை அச்சட்டம் போடவில்லை. அனுமதி கிடைத்தபின் பிள்ளைக்கு என்ன படிப்பிப்பது என்பது அதிபரின் மனத்தையும் ஆசிரியரின் நேரத்தையும் பொறுத்ததாகின்றது. ஆகவே தேதியிட்ட கடிதமும் கூடப் போகும் ஒருவரும் இங்கே இன்னும் அதிகமாய் வேண்டப்படுகின்றனர்.

நிர்வாக சபையாருக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது மண்டபத்தை இதற்கென விடவேண்டும். பெற்றார் பிள்ளையோடு வரட்டும். சத்தம் போட்டால் போடட்டும். கடிதம் எழுதத் தெரிந்த அங்கத்தவர் இருவர் இருந்தாற் போதும், பெரிய செலவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலர் இச்சபையிலேயே வீற்றிருக்கின்றனர். அவர்கள் எழுதும் கடிதத்துக்கு அதிபர்மார் மறுமொழி தராதிரார். முதல் ஞாயிறுக்கு வர நான் சித்தமாயிருக்கிறேன்.