பள்ளியும் ரசீதும்

(புதுக்கோட்டையில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



காலையில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் ஏறி இறங்கிய களைப்பு பலர் முகத்தில் தெரிகிறது. ஆதலால் நெடும்பொழுது எடுத்துக்கொள்ள மாட்டேன். மலைமேல் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைக் கண்டீர்கள். நம் முனிவர் உறைந்த இடங்களுக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் கற்கும் இடத்துக்கு அப்பெயர் அங்கிருந்தே வந்தது என்பர் அறிஞர் பலர். கீழேயுள்ள அறிவர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தவர் இளங்கௌதமர் என்று அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது. அவரை மதுரை ஆசிரியர் என்றே அது குறிக்கிறது. முப்பத்தோராண்டு ஆசிரியனாக இருந்த எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்புதானே.

எனக்குத் தந்த தலைப்பு, ‘பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு ஏற்றது தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?’ என்பது. பணி ஓய்வுக்குப் பின்னும் சித்திரை, வைகாசி மாதங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இக்கேள்விதான். கேட்பவருள் பெரும்பாலோர் முன்பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். “நல்ல பள்ளிதானே ஐயா?” என்று ஒரு சொல் ஆறுதல் வேண்டும், அவ்வளவே.

முதலில் ஒரு செய்தி. மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இன்று பாடத்திட்டம் ஒன்றே. 2010ஆம் ஆண்டில் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டப்படி அவ்வாண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2011இல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மற்ற வகுப்புகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் வழி வேறு, அதை விடுங்கள். ஆண்டுக்கு அரை இலட்சம் கட்டும் வீட்டிலும், ஒன்றும் கட்டாத வீட்டிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றுதான் என்று சொன்னால் சில தாய்மார்கள் என்னை ஐயத்தோடு பார்க்கிறார்கள். அப்படியானால் கட்டணம் எதற்கு? வாகனம், கட்டடம், ஆங்கிலப் பேச்சு, வகுப்பில் ஆசிரியர் இருப்பார் என்னும் உறுதி ஆகியவற்றுக்கு. இவற்றை நான் அற்பமென்று தள்ளவில்லை. பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவன் நான். ஆங்கில அச்சமும் பொய்யன்று. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கே ஆங்கிலத்தில் பேசிப் பழகும் பிள்ளைகள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி என் வீட்டுக் கதை. என் மகன் 2006இல் பத்தாம் வகுப்பு முடித்தான். நானோ அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியன். என் பள்ளியில் பிறர் பிள்ளைகளை நம்பிக்கையோடு சேர்த்துக்கொண்டவன், என் பிள்ளையை மட்டும் வேறு மாவட்டத்திலிருந்த ஒரு தனியார் விடுதிப் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துக் கட்டணம் செலுத்தினேன். உடன் பணியாற்றிய ஆசிரியர்களிலும் பலர் அவ்வாறே செய்தார்கள். ஆதலால் வெட்கம் தோன்றவில்லை.

அப்பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை ஒரு திங்களில் மூடிவைத்து விட்டார்கள். இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே. விடிகாலை நான்கரை மணிக்கு எழுப்பி, வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்வித்தார்கள். 1200க்கு 1129 மதிப்பெண் வாங்கினான். உறவினர்க்கெல்லாம் இனிப்பு வழங்கினோம். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதற்பருவத்திலேயே கணிதத்தில் அரியர். இரண்டாம் பருவத்திலும் அரியர். ஒருநாள் இரவு தொலைபேசியில், “அப்பா, பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடைத்தால் அனுப்புங்கள்” என்றான். மறுநாள் என் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து அஞ்சலில் அனுப்பினேன். அட்டையில் எம் பள்ளியின் முத்திரை இருந்தது. இப்படிப் பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் வழக்கத்தைத் தடுப்பதற்காகவே 2017-18ஆம் கல்வியாண்டில் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. என் மகனுக்கு அது பத்தாண்டு பிந்தி வந்தது.

மகளை நாங்கள் குடியிருந்த ஊரின் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலேயே படிக்க வைத்தோம். அங்கே எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அதுவும் பொய். பதினொன்றாம் வகுப்பில் அரையாண்டு வரை இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எண்பது பேர் இருந்தோம். முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதத் தெரிந்தவர் எங்களுள் மூவர். நடவு வேலையை விட்டுவிட்டு மற்றவர்களும் எங்களோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். ஒரு மாதத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. மனு எழுதத் தெரிந்தவர்கள் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போய்விட்டதனால், எஞ்சிய எழுபத்தேழு பேருக்காகக் கேட்க ஆளில்லை. நம் சமூகத்தில் ஆசிரியர் இல்லாத குடும்பம் அரிது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊரில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நீங்கள் அறிவீர்கள். பெண்ணுக்கு மேற்படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் தந்தையார் நாராயணசாமி ஐயர் அவரை வீட்டிலேயே படிக்க வைத்தார். பின்னர் எதிர்ப்புக்கிடையே மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்ததால், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கிடைத்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாலையில் பிள்ளையோடு அரைமணி நேரம் உட்காராத பெற்றோர் பெரிய கட்டணம் கட்டி அந்தக் குறையை ஈடுசெய்ய முயல்வதைப் பார்க்கும்போது அந்தத் தந்தையின் நினைவு எனக்கு வரும்.

இப்போது தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. முடிவெடுக்க வேண்டிய இடம் எல்.கே.ஜி. என்று எண்ணுகிறோம். உண்மையான பிரிவழி ஐந்தாம் வகுப்பு முடியும் இடத்தில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேரா. 7.5 என்பது எவ்வளவு? புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் தொடங்கியது. ஆண்டுக்கு 150 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக எஞ்சியதில் கணக்கிட்டால் ஒன்பது, பத்து இடங்கள். சிறிய வாயில்தான். ஆயினும் இம்மாவட்டத்துக் கீரமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் மாணவியர் அவ்வாயில் வழியே மருத்துவக் கல்லூரிக்குள் சென்றிருக்கிறார்கள். இவ்வழியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. ஒதுக்கீட்டை நம்பியே பிள்ளையைச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றும்போது, இன்னது கைவிட்டுப் போகிறது என்று தெரிந்து மாற்றுங்கள் என்கிறேன்.

தனியார் பள்ளியே என்று முடிவு செய்தவர்க்கும் ஒரு சொல். ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டண நிர்ணயக் குழு தொகை வரையறுத்திருக்கிறது. அந்த ஆணையைக் கேட்டுப் பாருங்கள். சேர்க்கைக்காகக் குழந்தைக்கும் பெற்றோர்க்கும் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. எப்பள்ளியாயினும் ஒரு வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பாருங்கள். ஆண்டுவிழா நாளில் எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக நம் அறக்கட்டளையைப் பற்றி. கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் ஆறாண்டு இருந்தேன். படிவத்தில் ஏழாவது வரி: ‘பள்ளிக் கட்டண ரசீது இணைக்கப்பட வேண்டும்.’ நல்ல நோக்கத்தோடு எழுதிய வரிதான். ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் வந்தது. அரசுப் பள்ளி. தந்தை கூலி விவசாயி. மூக்குக்கண்ணாடிக்கும், மாலையில் கணக்குப் படிக்கச் செல்லும் தனி வகுப்புக்கும் உதவி கேட்டிருந்தாள். ரசீது இல்லை, அவள் பள்ளியில் கட்டணமே இல்லையே, ரசீதுக்கு எங்கே போவாள்? ‘இணைப்பு இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். கையெழுத்து என்னுடையது. அதே அமர்வில், நாற்பதாயிரம் ரூபாய்க்கு ரசீது வைத்திருந்த வேறொருவருக்கு உதவி வழங்கினோம். அடுத்த ஆண்டு அந்தப் பெண் விண்ணப்பிக்கவில்லை. நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தையும் வைத்தார்கள் நம் முன்னோர். அதற்கு ரசீது கேட்டவர்கள் நாமே.

இவ்வாண்டுப் படிவம் வைகாசியில் அச்சுக்குப் போகிறது. ஏழாவது வரியை நீக்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் தனி வகுப்பு, கண்ணாடி, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, பயணச் செலவு ஆகியவற்றுக்கும் உதவலாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் உணவு முடிய வேண்டும் என்பதை அறிவேன். தீர்மானம் ஆறே வரிதான். அவைத்தலைவர் இசைவு தந்தால் பந்திக்கு எழுவதற்கு முன் படித்துவிடுகிறேன்.