பெயரும் பொறுப்பும்: சோதனை நிரல்களில் வகுப்புகள்



மென்பொருளைச் சோதிக்கும் வேலையையும் இன்று மென்பொருளே செய்கிறது. இணையப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை உள்ளிட்டு, பொத்தானை அழுத்தி, எதிர்பார்த்த பக்கம் வருகிறதா எனப் பார்க்கும் நிரலைத் தானியங்கிச் சோதனை நிரல் என்கிறோம். 2004இல் தோன்றிய செலினியம், 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் ஆகிய கருவிகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இந்நிரல்களை எழுதலாம்.

40 சோதனைகள் ஒரே நுழைவுப் பக்கத்தின் வழியே செல்கின்றன என்று கொள்வோம். பொத்தானின் அடையாளக் குறியை அந்த 40 நிரல்களிலும் எழுதி வைத்திருந்தால், வடிவமைப்போர் அக்குறியை மாற்றிய அன்றே 40 சோதனைகளும் தோல்வி காட்டும். பக்கமோ பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும். இத்தகைய பொய்யெச்சரிக்கைகள் பெருகினால் அறிக்கையின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். மெய்யான பிழையும் கவனிப்பாரின்றிக் கடந்துவிடும். மருத்துவரைக் காண நேரம் பதிவுசெய்ய முதியவர் ஒருவர் முயலும்போதுதான் அது வெளிப்படும்.

இதற்குத் தீர்வாக வகுப்பைப் பயன்படுத்துகிறோம். 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டில் வகுப்புக்குரிய தனித் தொடரமைப்பு 2015ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. உள்ளே இயங்குவது பழைய முன்மாதிரி முறையே. எழுதும் முறை மட்டும் தெளிவுபெற்றது. நுழைவுப் பக்கத்துக்கென ஒரு வகுப்பை அமைத்து, பெட்டிகளும் பொத்தானும் இருக்குமிடத்தை அதன் ஆக்கப் பகுதியில் ஒருமுறை குறிக்கிறோம். உள்ளே நுழையும் படிகளை அவ்வகுப்பின் ஒரு செயற்கூறு ஏற்கிறது. சோதனைகள் அதனை அழைத்தால் போதும். குறி மாறினால் திருத்தம் ஓரிடத்தோடு முடிகிறது.

சில வரம்புகளும் உண்டு. ஆக்கப் பகுதியில் காத்திருப்புக் கட்டளைக்கு இடமில்லை. ஆகவே பக்கத்தைத் திறத்தல் போன்ற நேரம் பிடிக்கும் பணிகளைத் தனிச் செயற்கூறில் வைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாய் வகுப்பில் திணித்தால், அதில் செய்யும் சிறு மாற்றமும் அனைத்துச் சோதனைகளையும் அசைக்கும். முடிவு சரியா தவறா என்னும் தீர்ப்பு, படிப்போர் கண்ணில் படும்படி சோதனையிலேயே இருத்தல் நன்று. ஓரிரு சோதனைகளுக்கு வகுப்பே தேவையில்லை.

இனி மொழியன்பர்களுக்குரிய செய்தி. பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தது நம் இலக்கணம். 'பொத்தான்3' என்பது இடுகுறிபோல் நிற்கும். 'நேரம்பதிவுசெய்' என்பது காரணத்தைக் காட்டும். பொத்தானின் நிறமும் இடமும் மாறலாம்; பயனர் அங்கு வந்த நோக்கம் எளிதில் மாறாது. நோக்கத்தால் பெயரிட்ட செயற்கூறே நெடுநாள் நிலைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தன் பெயர்களில் தமிழ் எழுத்துகளையும் ஏற்கிறது. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். எனவே தமிழில் கற்கும் மாணவர் தம் முதல் வகுப்புக்கு 'நுழைவுப்பக்கம்' என்றே பெயரிடலாம். பொருளறிந்து பெயரிடப் பழகியவர் எம்மொழியிலும் தெளிவாக நிரல் எழுதுவார் என்பது நம் துணிபு.