கம்ப்யூட்டர் மாறலாம், சங்கீதம் தொலையக்கூடாது
(கொச்சி வல்லார்பாடத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் பலர் கேசட்டுகளையும் சிடிக்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறோம். கடையில் வாங்கின கச்சேரி தொலைந்தால் மறுபடி கிடைக்கும். ஆனால் பாட்டி பாடின ஊஞ்சல் பாட்டு, தாத்தா சொன்ன பாராயணம், கல்யாண நாகஸ்வரம் இவற்றுக்கெல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான் ஒரே பிரதி. விண்டோஸ் கம்ப்யூட்டர் பழசாகி, பிள்ளையோ பெண்ணோ மேக் வாங்கித் தரும்போது இவற்றைப் பத்திரமாக மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய விஷயம்.

வல்லார்பாடத்தில் இருந்துகொண்டு உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம். 2011 பிப்ரவரியில் இங்கே கண்டெய்னர் முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1956-ல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் போனது. அதுவரை சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் அளவை உலகம் பொதுவாக ஒப்புக்கொண்ட பிறகு, கப்பலோ ரயிலோ லாரியோ, பெட்டியைத் திறக்காமலே மாற்ற முடிகிறது. நம் பாட்டுக்கும் பெட்டி பொதுவானதாக இருக்கவேண்டும்.

எம்பி3, ஏஏசி இரண்டும் அப்படிப்பட்டவை. விண்டோஸிலும் மேக்கிலும் பாடும். விண்டோஸ் மீடியா ப்ளேயர் பதிவுசெய்த டபிள்யூஎம்ஏ ஃபைல்களை மேக்கின் மியூசிக் ஏற்காது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே, விண்டோஸ் ஐட்யூன்ஸில் அவற்றைச் சேர்த்தால் ஏஏசியாக மாற்றித் தரும். பதிவின்போது காப்புப் பூட்டு போட்டிருந்தால் அது மாறாது; சிடி கையில் இருந்தால் மறுபடி ஏற்றுவதே வழி.

அடுத்தது விலாசம். ஐட்யூன்ஸ் மேக்குக்கு 2001-லும் விண்டோஸுக்கு 2003-லும் வந்தது. பாட்டு ஓர் இடத்தில் இருக்கும். அது எந்த ஃபோல்டரில் என்ற விலாசமும், நாம் போட்ட வரிசைகளும் வேறொரு ஃபைலில் இருக்கும். பாட்டை இடம் மாற்றினால் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வருவது இதனால்தான். ஆகவே முதலில் 'கன்சாலிடேட்' செய்து எல்லாப் பாட்டையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு வரிசைகளை எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து வையுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் தயார்செய்த வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். அதை இரண்டு கம்ப்யூட்டரும் படிக்கும், எழுதும். மேக்கில் 2019 முதல் ஐட்யூன்ஸின் இடத்தில் மியூசிக் வந்திருக்கிறது. அதில் முதலில் பாட்டுகளையும், பிறகு வரிசைகளையும் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, தமிழ். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப், டாம் எழுத்துருக்களில் எழுதின பெயர்கள் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றவேண்டும். யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னொன்று பின்னொன்றாக இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபைல் முறை இரண்டாகப் பிரித்தே வைத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் சில மென்பொருள்களில் தேடும்போது அகப்படாது. ஃபைலின் பெயரைச் சின்னதாக வைத்து, விவரத்தை ஃபைலுக்குள்ளேயே 'டேக்' ஆக எழுதிவிடுங்கள். அந்த விவரம் பாட்டோடு எங்கும் கூடவே போகும்.

இதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 'ட்ராக் 07' என்று இருக்கும் பாட்டைக் கம்ப்யூட்டர் ஒழுங்காக நகலெடுத்துவிடும். பாடினது யார், எந்த ஊரில், எந்த வருஷம் என்று அதற்குத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்டதும் "இது நம் அத்தையாச்சே" என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது. அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, தினம் நாலு பாட்டு கேட்டு எழுதுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மாற்றின பிறகு இரண்டு பக்கமும் பாட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். சிலவற்றை முழுதாகக் கேளுங்கள். அதற்கு முன் பழையதை அழிக்கவேண்டாம். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.