பிறமொழித் தட்டும் விருந்தினர் கணினியும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, புத்தளத்தை அணுகுமுன் வருவது மதுரங்குளி. தமிழும் சிங்களமும் ஒரே கடைவாசலிற் கேட்கும் ஊர் அது. அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டால் இன்றைய பொருள் எளிதில் விளங்கும்.

அவ்வீட்டு மூத்த மகன் கட்டாரிலே தொழில் புரிகிறான். போகுமுன் அவன் வைத்திருந்த கணினி உபுண்டு என்னும் லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்கியது. கணினி பழுதாகிவிட்டது; வன்தட்டு மட்டும் நன்றாயிருக்கிறது. காலஞ்சென்ற உம்மாவின் படங்களும் காணி உறுதியின் பிரதியும் அதிலேதான் உள்ளன. தங்கை அதனை யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டுத் தன் விண்டோஸ் மடிக்கணினியிற் பொருத்துகிறாள். திரையிலே உம்மாவைக் காணோம். தட்டைப் பயன்படுத்துமுன் ‘ஃபோமட்’ செய்யவேண்டும், செய்யலாமா என்னும் கேள்வியே தோன்றுகிறது.

“நானா, ஃபோமட் பண்ணச் சொல்லுது. பண்ணவா?”

“வேணாம் தங்கச்சி! ஒண்டையும் அமத்த வேணாம். கேன்சல் பண்ணுங்க.”

தமையன் தடுத்தது நல்லதாயிற்று. தட்டிலே குற்றம் எதுவுமில்லை. உப்பு மூடைகள் அடுக்கிய பண்டகசாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். எந்த மூடை எவருடையது, எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கணக்கேடுதான் சொல்லும். தட்டிலுள்ள அத்தகைய கணக்கேட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் எழுதும் ஏடு 1993இல் வந்த என்.டி.எப்.எஸ்.; லினக்ஸ் பெரும்பாலும் எழுதுவது 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4. சிங்களத்தில் எழுதிய ஏட்டைத் தமிழ் மட்டும் அறிந்த கணக்கப்பிள்ளை கையில் எடுத்து, “இதில் ஒன்றுமில்லை, புதிதாய் எழுதுவோம்” என்றால் எப்படியிருக்கும்? விண்டோஸ் கேட்டது அதைத்தான். விரைவு ஃபோமட் பழைய ஏட்டின்மேல் புதிய ஏட்டை எழுதும். முழு ஃபோமட்டோ, விண்டோஸ் விஸ்தாவின் காலந்தொட்டு, மூடைகளையும் விட்டுவைப்பதில்லை. தட்டு முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும். லினக்ஸ் மட்டும் இரண்டு ஏடுகளையும் வாசிக்கும். அவ்வகையில் அது மதுரங்குளிக் கடைக்காரரைப் போன்றது.

அப்படியாயின் லினக்ஸ் அறிந்த விருந்தினர் ஒருவரை விண்டோஸ் வீட்டுக்குள்ளேயே அழைத்துக்கொள்ளலாமே! மெய்நிகர் கணினி என்பது அதுவே. ஒரு கணினியின் நினைவகத்திலும் செயலியிலும் ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு கணினி இருப்பதாகவே நடத்தும் மென்பொருள் அது. எண்ணம் புதிதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு வி.எம்./370 என்னும் முறைமையை அறிவித்தது. வீட்டுக் கணினிக்கு உகந்த வேர்ச்சுவல் பொக்ஸ் 2007இல் வெளிவந்து, 2010 முதல் ஒரேக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

தங்கை செய்யவேண்டியது இவ்வளவே. வேர்ச்சுவல் பொக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, உபுண்டுவின் நிறுவல் படிமத்தை அதற்குக் காட்டி, நிறுவாமலே ‘முயன்று பார்க்க’ என்னும் வழியில் இயக்கவேண்டும். பின்னர் யூ.எஸ்.பி. பட்டியலில் அத்தட்டைத் தெரிவுசெய்து விருந்தினரிடம் ஒப்படைக்கவேண்டும். அக்கணமே விண்டோஸின் பார்வையிலிருந்து தட்டு மறைந்துவிடும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. உபுண்டு அதனைத் திறந்து கோப்புறைகளைக் காட்டும். வாசிப்பதற்கு மட்டும் என்னும் முறையில் திறப்பதே உத்தமம். தட்டு மறைகுறியாக்கப்பட்டிருப்பின் தமையனின் கடவுச்சொல்லும் வேண்டும். தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்தாலோ, இம்முயற்சியே கூடாது. மின்னிணைப்பை நீக்கிவிட்டு அறிந்தவரிடம் கொடுக்கவேண்டும்.

கணினிக்குள்ளேயே பொருத்தப்பட்ட தட்டாயின் காரியம் சற்றுக் கடினம். மூலத் தட்டை நேரே விருந்தினருக்குத் திறந்துவிடும் வழியும் வேர்ச்சுவல் பொக்ஸில் உண்டு. தவறாகக் கையாண்டால் தரவு முழுவதும் அழியலாம் என்று அதன் கைநூலே எச்சரிக்கிறது. காரணம் எளிது. ஒரே ஏட்டில் இரு கணக்கப்பிள்ளைகள், ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாமல், ஒரே வேளையில் எழுதினால் ஏடு குழம்பும். தட்டின் ஒரு பகுதி எந்நேரத்திலும் ஒரு முறைமையின் கையில் மட்டுமே இருத்தல் வேண்டும்.

2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனமே விண்டோஸுக்குள் உண்மையான லினக்ஸ் கருவைச் சிறியதொரு மெய்நிகர் கணினியில் வைத்துத் தருவதாக அறிவித்தது. பிற்பாடு லினக்ஸ் தட்டை அதனுடன் இணைக்கும் கட்டளையும் வந்தது. கட்டளை தட்டச்சுச் செய்யப் பழகியவருக்கு அது குறுக்குவழி. அந்தத் தங்கைக்குப் பட்டியலில் தெரிவுசெய்யும் முதல் வழியே பொருந்தும்.

படங்களைப் பங்கிட்ட கோப்புறை வழியாகவேனும் இணையச் சேமிப்பகத்தின் வழியாகவேனும் மடிக்கணினிக்குக் கொண்டுவந்தபின், தட்டை விருந்தினரிடமிருந்து முறைப்படி விடுவித்து, விருந்தினரை நிறுத்தி, அதன் பின்னரே வடத்தைக் கழற்றவேண்டும். காணி உறுதியின் பிரதி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டாவது பிரதி ஒன்றை அன்றிரவே தமையனுக்கு அனுப்பிவிடலாம்.