பொன்னுக்கு வீங்கியா? பல்லுக்கு வீங்கியா?

(ஆம்பூரில் தோல் தொழிலாளர்களிடையே செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேசப் போவது பல்லைப் பற்றி. சாதியையும் சாமியையும் பற்றிக் கேட்கலாமென்று வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாய் இருக்கலாம். ஆனால் நம்மவர்களுடைய மூடநம்பிக்கை வாய்க்குள்ளும் புகுந்து ஆளைக் கொல்லுகிறதென்றால் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

ஒரு பிள்ளைக்குத் தாடை வீங்குகிறது. வீட்டுப் பெரியவர்கள் "பொன்னுக்கு வீங்கி" என்று சொல்லிக் கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போடுகிறார்கள். சங்கிலி இல்லாதவன் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறான். பொன்னுக்கு ஆசைப்பட்டுத் தாடை வீங்குவது உண்மையானால், இந்தத் தோல் ஷாப்புகளில் உழைக்கிற அத்தனை ஏழைகளுக்கும் வருஷம் முழுவதும் அல்லவா தாடை வீங்கியிருக்க வேண்டும்? நகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் வீங்குகிறது? அது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே வடிந்து போகும். வடிந்த புகழ் மாத்திரம் சங்கிலிக்குப் போய்ச் சேருகிறது!

இதனால் வந்த கேடு என்னவென்றால், சொத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டி வீங்கினவனுக்கும் சங்கிலியைப் போட்டு, மஞ்சள் பற்றையும் போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த வீக்கம் பொறுக்கக் கூடியதல்ல. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து சீழ் நாக்குக்கு அடியில் இறங்கினால், அது நாக்கை மேலே தூக்கிப் பின்னே தள்ளி, மூச்சுப் போகும் வழியையே அடைத்துவிடும். 1836-ல் ஜெர்மனியில் லுட்விக் என்கின்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அந்த வியாதி வழங்குகிறது. பென்சிலின் முதலிய மருந்துகள் வருமுன் இது கண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள். இப்போது மருந்தும் கத்தியும் இருக்கின்றன. ஆனால் மணிக்கணக்கில் முற்றுகிற வியாதிக்கு, அமாவாசை கழியட்டும், இராகு காலம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் டாக்டர் என்ன செய்வார்?

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது, பல் முனை உடைந்தது, அடைத்தது விழுந்துவிட்டது, ஈறில் இரத்தம் கசிகிறது என்றால் சில நாள் பொறுத்து ஓய்வு நாளில் போகலாம். தூங்கவிடாத வலி என்றால் மறுநாளே போக வேண்டும். முகம் வீங்கி ஜுரமும் கண்டால் அன்றைக்கே. வாயைத் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் மாறிவிட்டது, தாடைக்கடியில் கட்டைபோல் இறுகிவிட்டது, கண் மூடும்படி வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுநிசியானாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் சிறு வீக்கத்தையும் அலட்சியம் செய்யலாகாது.

"வேண்டிக் கொண்டேன், வலி நின்றுவிட்டது" என்பார் ஒருவர். பல்லின் நரம்பு செத்தால் வலி நிற்கத்தான் செய்யும். சீழ் நிற்காது. கிராம்புத் தைலம் மரக்கச் செய்யும், அவ்வளவே. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கினால் ஈறு வெந்து போகும். மருந்துக் கடையில் தாமாக வாங்கித் தின்கிற மாத்திரையில் வீக்கம் சற்று வடிந்தாலும், மூலமான பல் அப்படியே இருக்கிறபடியால் திரும்பவும் வரும்.

இன்னும் சிலர் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் "பல் புழு" எடுப்பார்கள். தண்ணீரில் வெள்ளையாய் விழுவதைப் புழு என்று காட்டுவார்கள். அது சூட்டில் வெடித்த விதையின் முளை, தோழர்களே! வாயை அருகே கொண்டுபோகாமல் விதையை மட்டும் சுட்டுப் பாருங்கள், அப்போதும் "புழு" விழும். நம் நாட்டில் மட்டும் இந்த மோசம் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதே வித்தையைச் செய்து பிழைத்தார்கள். 1728-ல் பியர் போஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், தாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் புழு எதையும் காணவில்லை என்று எழுதிவிட்டார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்படுகிற தாய்மார்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்கு உள்ள நரம்பு வேறு. உண்மை நேர் விரோதமானது: கெட்ட பல்லை அப்படியே விட்டால்தான் சீழ் மேலே ஏறிக் கண்ணைக் கெடுக்கக் கூடும்.

கூலி போய்விடுமே என்று ஷூ கம்பெனிப் பெண்கள் சொல்லுவது எனக்குத் தெரியும். அது நியாயமான கஷ்டம், மூடத்தனமல்ல. ஆனால் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்கள், வைத்தியம் என்பது முதலாளி போடும் பிச்சையல்ல, சட்டப்படி தங்களுக்குள்ள உரிமை என்பதை மறக்கக் கூடாது. 1900-த்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் ஆரம்பித்த ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற நாம் மந்திரிக்கிறவன் வீட்டு வாசலில் நிற்கிறோம்.

கடைசியாக ஒன்று. விழுந்தோ அடிபட்டோ பெரியவர்களுக்குப் பல் முழுதாய் விழுந்துவிட்டால் அதைக் கூரைமேல் எறியாதீர்கள். வேரைத் தொடாமல் பல்லின் தலையைப் பிடித்து, அழுக்கிருந்தால் இலேசாய்க் கழுவி, அந்தக் குழியிலேயே வைக்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரைமணிக்குள், பல் டாக்டரிடம் ஓட வேண்டும். குடம் குடமாய்க் கல்லின் தலையில் பாலைக் கொட்டுகிற ஊரில் ஒரு டம்ளருக்குப் பஞ்சம் வராது. குழந்தைகளின் பால்பல்லை மட்டும் இப்படித் திரும்ப வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே முளைக்கிற பல் கெடும். சந்தேகமுள்ள தோழர்கள் இப்போது எழுந்து கேட்கலாம்.